திருமங்கலம் டூ கன்னியாகுமரி: குடும்பத்தோட கடல் பார்க்கப் போறீங்களா? படகு நேரம் முதல் கள்ளக்கடல் எச்சரிக்கை வரை... முழு விவரம் இதோ!

மதுரை மாவட்டத்துக்கு கடல் கிடையாது. அதனால்தான் பள்ளி லீவு விட்டதும் திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து வீடுகளில் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, "கடலுக்கு எப்பப் போறோம்?" என்பதாக இருக்கிறது. ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என மூன்று பக்கமும் வழி இருந்தாலும், வாசலில் ஓடும் நான்கு வழிச்சாலை நேராகக் கொண்டுபோய் விடும் இடம் கன்னியாகுமரிதான்.

ஆனால் போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "சூப்பரா இருந்துச்சு" என்பது ஒன்று. "நாலு மணி நேரம் வண்டியில் போனோம், படகு ஓடலைன்னு சொல்லிட்டாங்க, வெயில்ல நின்னுட்டு வந்தோம்" என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் திட்டமிடல்தான். கன்னியாகுமரியில் நேரத்தை முடிவு செய்வது நாம் இல்லை, கடல்தான். இதைப் புரிந்துகொண்டு போனால் பயணமும் நன்றாக இருக்கும், குழந்தைகளும் பத்திரமாக வீடு வந்து சேர்வார்கள்.

எப்படிப் போவது, எதை முதலில் பார்ப்பது, படகு ஓடாவிட்டால் என்ன செய்வது, எங்கே தண்ணீரில் இறங்கக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 5 விஷயங்கள்

• திருமங்கலத்தில் இருந்து தூரம் சுமார் 220 கி.மீ. காரில் நிற்காமல் போனால் 4 மணி நேரம். குழந்தைகளோடு போனால் 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

• விவேகானந்தர் பாறைக்குப் படகு சேவை வழக்கமாக காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை. காலையிலேயே போய்விடுவது நல்லது.

• படகு ஓடாத நாளுக்கும் ஒரு திட்டம் கையில் இருக்கட்டும்.

• கன்னியாகுமரி கடல் பார்ப்பதற்கான கடல். சுற்றியுள்ள பல கடற்கரைகளிலும் குளிப்பது ஆபத்து.

• ஒரு நாள் பயணத்தைவிட ஒரு இரவு தங்கும் பயணம் வசதி.

எப்படிப் போவது?

திருமங்கலத்தைத் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிகிறது. நாட்டிலேயே மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை இதுதான். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, திருநெல்வேலி, நாங்குநேரி, காவல்கிணறு வழியாக வழி மாறாமல் போகலாம். காவல்கிணறில் சாலை பிரியும். ஒன்று ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்கும், மற்றொன்று நேராக கன்னியாகுமரிக்கும் போகும். காற்றாலைகள் வரிசையாகத் தெரிய ஆரம்பித்தாலே குழந்தைகளை எழுப்பிவிடலாம், கிட்ட வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

கப்பலூர் டோல்கேட், திருமங்கலத்துக்கு வடக்கே மதுரை பக்கம் இருப்பதால் ஊரில் இருந்து தெற்கே கிளம்புகிறவர்களுக்கு அது குறுக்கே வராது. ஆனால் எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என மூன்று சுங்கச்சாவடிகள் வழியில் உண்டு. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள்: நாகர்கோவில், கன்னியாகுமரி பஸ்கள் மதுரை மாட்டுத்தாவணியில் இருந்து கிளம்புகின்றன. பைபாஸிலேயே போய்விடும் பஸ்களும் உண்டு. எனவே திருமங்கலத்தில் ஏறுகிறவர்கள் நிற்கும் இடத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தை, பெரியவர்கள் இருந்தால் மாட்டுத்தாவணிக்கே போய் சீட் பிடித்து உட்கார்வது நிம்மதி.

ரயிலில் போகிறவர்கள்: திருமங்கலம் ரயில் நிலையம் மதுரை - திருநெல்வேலி பாதையில்தான் இருக்கிறது. ஆனால் எல்லா எக்ஸ்பிரஸும் இங்கே நிற்காது. டிக்கெட் போடும்போது மதுரை அல்லது விருதுநகரையும் சேர்த்துத் தேடுங்கள். நாகர்கோவில் வரை மட்டும் போகும் ரயிலில் வந்தாலும் கவலையில்லை. அங்கிருந்து கன்னியாகுமரி 20 கி.மீ. அளவுதான், டவுன் பஸ்கள் அடிக்கடி உண்டு.

வழியிலேயே ஒரு வரலாற்றுப் பாடம்

ஐந்து மணி நேரம் குழந்தைகளை வண்டிக்குள் உட்கார வைப்பது சுலபம் இல்லை. அதற்கு இந்த ரூட்டில் நல்ல தீர்வு இருக்கிறது.

விருதுநகரில் காமராஜர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அடுத்து கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ம் தேதி வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் இது. அவருடைய நினைவிடம் இங்கே உள்ளது. பாடப்புத்தகத்தில் படித்ததை நேரில் பார்க்க அரை மணி நேரம் போதும்.

சாப்பாட்டு விஷயத்திலும் இந்தச் சாலை ஏமாற்றாது. சாத்தூர் காராச்சேவு, 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய், திருநெல்வேலி அல்வா என எல்லாமே இதே வழியில். போகும்போது கடலை மிட்டாய், திரும்பும்போது அல்வா என்று பிரித்துக்கொண்டால் வண்டியில் கைபிசுக்கும் இருக்காது, வீட்டுக்குப் போகும்போது அல்வாவும் புதிதாக இருக்கும்.

முதல் வேலை படகுதான்

கரையில் இருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில் கடலுக்குள் இரண்டு பாறைகள். ஒன்றில் விவேகானந்தர் நினைவு மண்டபம், மற்றொன்றில் திருவள்ளுவர் சிலை. தமிழக அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம்தான் படகுகளை இயக்குகிறது. குகன், பொதிகை, விவேகானந்தா ஆகிய பெயர்களில் ஓடும் படகுகள் பலருக்கும் தெரிந்தவை. தாமிரபரணி, திருவள்ளுவர் என்ற பெயர்களில் சொகுசுப் படகுகளும் உண்டு.

டிக்கெட்டில் சாதாரணம், சிறப்பு என இரண்டு வகை. இரண்டுக்கும் படகுப் பயணம் ஒன்றுதான், சிறப்பு டிக்கெட்டில் வரிசை குறையும். பெரியவர்களால் அதிக நேரம் நிற்க முடியாது என்றால் மட்டும் சிறப்பு டிக்கெட் பற்றி யோசிக்கலாம். பாறையில் இறங்கியதும் நினைவு மண்டபத்துக்குத் தனியாக நுழைவுக்கட்டணம் உண்டு. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

படகில் லைஃப் ஜாக்கெட் தருவார்கள். போட்டோவுக்காக அதைக் கழற்ற வேண்டாம். குழந்தைக்கு மாட்டியபின் தோள்பட்டைப் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மட்டும் நழுவி வந்தால் அது பெரிய சைஸ், வேறு கேட்டு வாங்குங்கள்.

ஏன் காலையிலேயே போக வேண்டும்? மூன்று காரணங்கள்:

1. கூட்டம். கோடை விடுமுறை, பொங்கல், காலாண்டு, அரையாண்டு லீவுகளில் வரிசை நீளும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை பக்தர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

2. சூடு. மண்டபத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். மதியம் கல்தரை கால் பொசுங்கும்.

3. கடல். காற்று அதிகமானாலோ, கடல் சீற்றமாக இருந்தாலோ, நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகு நிறுத்தப்படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் தாழ்ந்து படகு தாமதமாவது இங்கே அடிக்கடி வரும் செய்தி. அதனால் கிளம்பும் தேதியை முடிவு செய்யும்போது காலண்டரில் அமாவாசை, பௌர்ணமியையும் பார்த்துவிடுங்கள்.

பாறையில் என்னென்ன பார்க்கலாம்?

1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் இந்தப் பாறையில் அமர்ந்து தியானம் செய்தார். ஏக்நாத் ரானடே முன்னின்று நாடு முழுக்க நிதி திரட்டிக் கட்டிய நினைவு மண்டபம் 1970 செப்டம்பரில் திறக்கப்பட்டது. குமரி அம்மனின் பாதச்சுவடு என்று நம்பப்படும் இடத்தில் ஸ்ரீபாத மண்டபம் இருக்கிறது. உள்ளே தியான மண்டபமும் உண்டு. சத்தம் போடக் கூடாது என்பதால் சின்னக் குழந்தை இருந்தால் மாறி மாறி உள்ளே போய் வரலாம்.

பக்கத்துப் பாறையில் 133 அடி உயர திருவள்ளுவர் சிலை. 133 அதிகாரத்துக்கு 133 அடி. இதில் 38 அடி பீடம், அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கிறது. அதன் மேல் நிற்கும் 95 அடி சிலை, பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25 அதிகாரங்களின் கூட்டல். அறத்தின் மேல் பொருளும் இன்பமும் நிற்க வேண்டும் என்பதே கணக்கு. சிற்பி வை.கணபதி ஸ்தபதி. 2000 ஜனவரி 1-ம் தேதி அப்போதைய முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். பீடத்துக்குள் படியேறி வள்ளுவரின் பாதம் வரை போகலாம். மூட்டுவலி இருப்பவர்கள் கீழேயே உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம், தப்பில்லை.

முன்பெல்லாம் விவேகானந்தர் பாறைக்குப் படகு போனாலும், பாறைகளும் நீர்மட்டமும் இடைஞ்சலாகி வள்ளுவர் சிலைக்குப் படகு போகாத நாட்கள் நிறைய. "வள்ளுவரை தூரத்துல இருந்துதான் பார்த்தோம்" என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அந்தக் குறையைத் தீர்த்தது கண்ணாடிப் பாலம். ரூ.37 கோடி செலவில் 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் இரண்டு பாறைகளையும் இணைத்துக் கட்டப்பட்ட இந்தப் பாலத்தை, சிலையின் வெள்ளி விழாவையொட்டி 2024 டிசம்பர் 30-ம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். காலுக்குக் கீழே அலை அடிப்பது கண்ணாடி வழியே தெரியும். பயப்படும் குழந்தையை கண்ணாடி மேல் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். ஓரமாக நடந்து பழகினால் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். காற்று பலமாக இருக்கும், தொப்பியும் செல்போனும் பத்திரம்.

வரிசை தவிர்த்து, இரண்டு பாறைகளையும் நிதானமாகப் பார்க்க 2 முதல் 3 மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் கரையிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

சூரிய உதயம், அஸ்தமனம்: இதிலும் ஒரு கணக்கு இருக்கு

உதயத்தை ஆண்டு முழுவதும் கடலில் இருந்து எழுவதாகப் பார்க்கலாம். மேகம் மட்டும் கருணை காட்ட வேண்டும். இங்கே உதய நேரம் ஆண்டு முழுக்க கிட்டத்தட்ட காலை 6 மணிக்கும் 6.45-க்கும் இடையிலேயே இருக்கும். அரை மணி நேரம் முன்னதாகப் போனால் இடம் கிடைக்கும்.

அஸ்தமனம் அப்படி இல்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் தென்மேற்காகச் சாய்வதால் கடலுக்குள் மறைவது நன்றாகத் தெரியும். கோடையில் சூரியன் வடக்கே நகர்ந்துவிடும். முக்கடல் கரையில் நின்றால் கரைப்பக்கமாகத்தான் மறையும். மே மாத லீவில் போய்விட்டு, "அஸ்தமனமே தெரியலை" என்று ஏமாறுகிறவர்கள் அதிகம். அந்த மாதங்களில் உதயத்தை நம்பிப் போங்கள்.

சித்ரா பௌர்ணமி அன்று மாலை ஒரு பக்கம் சூரியன் மறைவதும், எதிர்ப்பக்கம் நிலவு எழுவதும் ஒரே நேரத்தில் தெரியும். அன்றைக்குக் கூட்டம் அள்ளும். கைக்குழந்தையோடு போக ஏற்ற நாள் அல்ல.

கரையிலேயே பார்க்க வேண்டியவை

காந்தி மண்டபம்: கடலில் கரைப்பதற்கு முன் 1948 பிப்ரவரியில் காந்தியின் அஸ்தி பொதுமக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்ட இடம். 1956-ல் மண்டபம் கட்டப்பட்டது. உயரம் 79 அடி, காந்தி மறைந்தது 79-வது வயதில் என்று தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. அக்டோபர் 2 அன்று நண்பகலில் சூரியஒளி அஸ்தி இருந்த பீடத்தில் விழும்படி கூரையில் துவாரம் அமைத்திருக்கிறார்கள்.

காமராஜர் மணிமண்டபம்: காந்தி மண்டபத்தின் பக்கத்திலேயே. 2000 அக்டோபர் 2-ல் திறக்கப்பட்டது. விருதுநகரில் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த குழந்தைகளுக்கு இங்கே இருக்கும் படங்கள் இன்னும் நெருக்கமாக இருக்கும்.

பகவதி அம்மன் கோயில்: அம்மனின் மூக்குத்தி ஒளி பார்த்து கப்பல்கள் திசை தவறின என்ற கதை இங்கே பிரபலம். ஆண்கள் மேல்சட்டை கழற்ற வேண்டும். மதியம் நடை சாத்துவார்கள்.

சுனாமி நினைவுத்தூண்: 2004 டிசம்பர் 26 சுனாமியில் குமரி மாவட்டக் கடற்கரை கிராமங்கள் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தன. அன்றைக்கு விவேகானந்தர் பாறையில் சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகளைப் பத்திரமாகக் கரைசேர்த்ததில் உள்ளூர் மீனவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. செல்ஃபி எடுத்துவிட்டு நகரும் இடம் இல்லை இது. இரண்டு நிமிடம் நின்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை.

கடை வீதி: பாக்கெட்டில் அடைத்து விற்கும் கலர் மணலும், சிப்பி, சங்கு பொருட்களும்தான் ஸ்பெஷல். இந்தக் கரையில் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்கள் கலந்திருப்பதால்தான் மணல் கறுப்பாகவும் சிவப்பாகவும் தெரிகிறது. பவளத்துண்டு, கடல்விசிறி, கடல்குதிரை போன்றவற்றை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அவை பாதுகாக்கப்பட்டவை, வைத்திருப்பதே குற்றம்.

கடலில் குளிக்கலாமா? இதை மட்டும் கட்டாயம் படிங்க

இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி இது.

2024 மே 6-ம் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். திருமணத்துக்கு வந்த இடத்தில் நண்பர்களோடு கடல் பார்க்கப் போனவர்கள். அன்றைக்குப் புயல் இல்லை, மழை இல்லை. இருந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை.

கள்ளக்கடல் என்றால் என்ன? தெற்கே பல ஆயிரம் கி.மீ. தொலைவில் இந்தியப் பெருங்கடலில் வீசும் பலத்த காற்று பெரிய அலைகளை உருவாக்குகிறது. அந்த அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. ஆனால் திடீரென கடல் கொந்தளித்துக் கரையேறும். திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால்தான் கேரள, குமரி கரையோர மக்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். இந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். அதாவது நம் பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு விடும் அதே மாதங்கள்.

இதற்கான எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனப்படும் இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம் வெளியிடுகிறது. மாவட்ட நிர்வாகமும் கடற்கரைக்குப் போக வேண்டாம் என அறிவிக்கும். கிளம்புவதற்கு முந்தின நாளும், கிளம்பும் அன்று காலையும் செய்தியில் "கள்ளக்கடல்", "கடல் சீற்றம்" என்ற சொற்கள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பயணத்தை ரத்து செய்யத் தேவையில்லை. கரைப்பக்கம் போகாமல் கோட்டை, அரண்மனை, கோயில் என்று மாற்றிக்கொண்டால் போதும்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் இதெல்லாம் கவனம்:

• திரிவேணி சங்கமத்தில் கால் நனைப்பதும் நீராடுவதும் அதற்கென உள்ள படித்துறைப் பகுதியோடு சரி. தடுப்பைத் தாண்டக் கூடாது.

• பாசி பிடித்த பாறைகளில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். அலைத்தடுப்புக்காகக் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு கற்களும் அப்படித்தான். வழுக்கினால் பிடிக்க எதுவும் இருக்காது.

• முழங்கால் அளவு தண்ணீர் என்று நம்பாதீர்கள். அலை திரும்பும்போது காலுக்கடியில் மணலையும் சேர்த்து இழுக்கும். கண்மாயிலும் கிணற்றிலும் நன்றாக நீந்துகிறவருக்கும் கடல் இழுப்பு வேறு.

• குழந்தை தண்ணீர் ஓரம் நிற்கும்போது கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். "அவங்க பார்த்துப்பாங்க" என்று எல்லோரும் நினைக்கும்போதுதான் யாரும் பார்க்காமல் போகிறது. இன்னார்தான் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

• யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, காலி கேன், பந்து என மிதக்கும் எதையாவது வீசிவிட்டு, சத்தம் போட்டு மீனவர்களையும் போலீசாரையும் கூப்பிடுங்கள். இழுபட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பில் இருந்து வெளியேற வேண்டும்.

அவசர எண்கள்: போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் 112, ஆம்புலன்ஸ் 108, தமிழக கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்திய கடலோரக் காவல்படை 1554.

படகு ஓடலையா? இதோ பிளான் பி

காலையில் படகு நிறுத்தம் என்றாலும், கடல் சகஜநிலைக்கு வந்ததும் தாமதமாகத் தொடங்குவதுண்டு. 11 மணி வரை பார்க்கலாம். அதற்கு மேலும் படகுத்துறையிலேயே காத்திருந்து நாளை வீணாக்க வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் பார்க்க இவ்வளவு இருக்கிறது:

வட்டக்கோட்டை: கன்னியாகுமரியில் இருந்து 6 கி.மீ. அளவு. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா காலத்துக் கடற்கரைக் கோட்டை. 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் இதைக் கட்டினார். மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. பிள்ளைகள் ஓடி விளையாட இடம் உண்டு, மதில் ஓரம் மட்டும் கவனம்.

சுசீந்திரம்: சுமார் 12 கி.மீ. தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களும் 18 அடி உயர ஆஞ்சநேயரும் பார்க்க வேண்டியவை. பக்கத்தில் உள்ள சுசீந்திரம் - தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. பறவை பார்க்கப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு காலை நேரம் நல்லது.

பத்மநாபபுரம் அரண்மனை: தக்கலை அருகே, சுமார் 35 கி.மீ. திருவிதாங்கூரின் பழைய தலைநகர். பெரும்பகுதி மரத்தால் ஆனது. 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் இந்த அரண்மனை மட்டும் கேரள தொல்லியல் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் இடைவேளையும் உண்டு. வெயில், மழை இரண்டுக்கும் ஏற்ற இடம்.

மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி: பறளியாற்றின் குறுக்கே 115 அடி உயரத்தில் 1966-ல் கட்டப்பட்ட தொட்டிப்பாலம், காமராஜர் ஆட்சிக்காலத் திட்டம். அங்கிருந்து திற்பரப்பு அருவிக்குப் போகலாம். தண்ணீரில் ஆடியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைக்கு, கடலைவிட இங்குள்ள சிறுவர் நீச்சல் குளம் பரவாயில்லை. வெள்ளப்பெருக்கு நாட்களில் அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள்.

சொத்தவிளை, முட்டம்: நடக்கவும் உட்காரவும் அழகான கடற்கரைகள். முட்டத்தைப் பார்த்ததும் 'அலைகள் ஓய்வதில்லை' படம் பார்த்த தலைமுறை பாட்டுப் பாட ஆரம்பித்துவிடும். ஆனால் இரண்டு இடத்திலும் அலை கடுமை. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு இரவு, இரண்டு நாள்: மாதிரித் திட்டம்

முதல் நாள்: காலை 6 மணிக்கு திருமங்கலத்தில் கிளம்பி, கயத்தாறில் இறங்கிப் பார்த்துவிட்டு, நாகர்கோவிலில் மதிய சாப்பாடு. 2 மணிக்கு பத்மநாபபுரம் அரண்மனை. மாலை 5.30-க்குள் கன்னியாகுமரி வந்தால் அஸ்தமனம், கடை வீதி. முதல் நாள் திங்கட்கிழமையாக இருக்க வேண்டாம்.

இரண்டாம் நாள்: அதிகாலை உதயம். டிபன் முடித்து 7.15-க்கு படகு வரிசை. 11 மணி அளவில் கரை. காந்தி மண்டபம், காமராஜர் மண்டபம், மதிய சாப்பாடு. பிறகு வட்டக்கோட்டை பார்த்துவிட்டு மாலை 4 மணிக்குக் கிளம்பினால் இரவு 9 மணிக்குள் வீடு.

லீவு நாட்களில் ரூம் கிடைப்பது கஷ்டம். முன்பதிவு செய்யாதவர்கள் நாகர்கோவிலில் தேடலாம். "சன்ரைஸ் வியூ" என்று சொல்லும் அறையை, பணம் கட்டும் முன் ஜன்னலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒரே நாளில் போய் வர முடியுமா?

முடியும். அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் 8 மணிப் படகைப் பிடிக்கலாம். மதியம் 3.30-க்குத் திரும்பினால் இரவு 8.30-க்குள் ஊர். அஸ்தமனம் பார்த்துவிட்டுக் கிளம்புவோம் என்று ஆசைப்படாதீர்கள். அதிகாலையில் எழுந்து ஓட்டியவரே, பகல் முழுக்க வெயிலில் அலைந்துவிட்டு, இரவில் மறுபடி 220 கி.மீ. ஓட்டுவது ஆபத்து. நான்கு வழிச்சாலை நேராக இருப்பதே தூக்கத்தை வரவழைக்கும். இரண்டாவதாக ஓட்டத் தெரிந்தவர் இல்லையென்றால் டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பஸ், ரயிலில் போங்கள்.

என்ன சாப்பிடலாம்?

மீன் சாப்பாடு, மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும், பழம்பொரி, நேந்திரம் சிப்ஸ் ஆகியவை இந்தப் பக்கத்து ருசி. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிப்பழம் சின்னதாக, வாசனையாக இருக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்க ஏற்றது. சீசனில் நுங்கும் பதனீரும் கிடைக்கும். மீன் சாப்பாட்டை படகு ஏறும் முன் வேண்டாம், இறங்கிய பின் வைத்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் கடைசியாக ஒரு செக்லிஸ்ட்

✓ கள்ளக்கடல், கடல் சீற்றம் எச்சரிக்கை பார்த்தாச்சா?

✓ அமாவாசை, பௌர்ணமி தேதி பார்த்தாச்சா?

✓ தொப்பி, தண்ணீர், மாற்றுத்துணி, வாந்தி வந்தால் கவர், பெரியவர்களின் மாத்திரை எடுத்தாச்சா?

✓ குழந்தையின் சட்டைப்பையில் பெற்றோர் செல்போன் எண் எழுதி வெச்சாச்சா? கூட்டத்தில் தவறிப்போனால் எங்கே சேர்வது என்று காந்தி மண்டபம் மாதிரி ஒரு இடம் பேசி வெச்சாச்சா?

✓ கரையில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு பண்ணியாச்சா?

இத்தனைக்கும் 'ஆமாம்' என்றால், தாராளமாகக் கிளம்பலாம்!